வால் வைத்த மஞ்சள் புள்ளி

வடக்குப்பட்டு
7.10.2024

வனமாமலை டூவீலர் ஒர்க்ஸ் உரிமையாளருக்கு,

மூன்று வருடமாக உங்களை அண்ணா என்று கூப்பிட்ட வாய் இது. இனிமேல் கூப்பிடாது. உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். போனில் என்றால் பேசியே மழுப்பிவிடுவீர்கள். எழுத்தில் மழுப்ப முடியாது. ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன், கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். செப்டம்பர் பதினாலாம் தேதி சனிக்கிழமை காலை, ஷிப்டுக்குப் போகிற வழியில் என் ஸ்கூட்டரை உங்கள் கடையில் விட்டேன். பின் பிரேக் பிடிக்கவில்லை, பிரேக் ஷூ மாற்றிவிடுங்கள் என்றேன். "மாத்திருவோம்மா" என்றீர்கள். சாயங்காலம் என் வீட்டுக்காரர் டில்லிபாபு வந்து வண்டியை எடுத்துவந்தார். அதற்கு அப்புறம் ஐந்தே நாள். பத்தொன்பதாம் தேதி ஒரகடம் கூட்டுரோட்டில் முன்னால் போன டிரெய்லர் திடீரென்று நின்றது. இவர் பின் பிரேக்கைப் பிடித்திருக்கிறார். லீவர் கைப்பிடி வரைக்கும் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. பயந்துபோய் முன் பிரேக்கை அமுக்க, மணலில் வண்டி படுத்துவிட்டது. தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆள் அவர். கான்ட்ராக்டர் மறுவாரமே வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

நீங்கள் ஷூ மாற்றவே இல்லை. பழையதைத் துடைத்து மாட்டிவிட்டு, மாற்றினேன் என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. வண்டியை எங்கள் ஊர் பங்க்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் பின் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, என் கண்ணால் பார்த்தேன். பிரேக் நட்டைக்கூட நீங்கள் ஒழுங்காக முறுக்கவில்லை, வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததைப் போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தீர்களே, அது குற்ற உணர்ச்சி என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பையோடு பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் கார் கதவுக் கீல் செய்கிற கம்பெனியில் ஒன்பது வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறவள். ஒரு கீல் அரை மில்லிமீட்டர் தப்பாக இருந்தாலும் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுவேன். எவன் கெஞ்சினாலும் திரும்ப எடுக்க மாட்டேன். உங்களையும் அந்தப் பெட்டியில்தான் போட்டிருக்கிறேன். இந்த ஆயுத பூஜைக்கு உங்கள் கடையில் பொரி வாங்கித் தின்ன ஒரு ஆள் வரக் கூடாது. வரவிட மாட்டேன்.

டி. சசிரேகா


ஒரகடம்
13.10.2024

அன்புள்ள சசிரேகா அம்மாவுக்கு,

வனமாமலை எழுதிக்கொண்டது. தபால் கிடைத்தது. அட்டையில் கையெழுத்தும் போட்டேன்.

நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. எல்லாரும் வண்டியைக் கழுவி, சர்வீஸ் செய்து, பொட்டு வைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். இந்த வருடம் மூன்று வண்டி வந்தது. அதில் ஒன்று என்னுடையது. மீதிப் பொரியைப் பக்கத்து டிபன் கடை கங்கா அக்காவிடம் கொடுத்தேன். "இன்னாண்ணா, இவ்ளோ மீந்து போச்சு" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். உங்கள் கம்பெனி பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன எழுதினீர்கள் என்று, சாப்பிட வருகிறவர்கள் அனுப்பியதை அவர்தான் பிறகு காட்டினார். "கொலைகார மெக்கானிக்" என்று எழுதியிருந்தீர்கள்.

அம்மா, நான் ஷூ மாற்றினேன். இரண்டும் புது ஷூ. என் கடையில் ஒரு வழக்கம் உண்டு, மூன்று வருடமாக நீங்களே பார்த்திருக்கிறீர்கள். எந்தப் பாகத்தைக் கழற்றிப் போட்டாலும் அதை ஒரு கவரில் கட்டி, வண்டிக்காரர் கையில் கொடுப்பேன். குப்பைதான். ஆனாலும் அது அவர்கள் குப்பை. நான் மாற்றியதற்கு அதுதான் சாட்சி. அன்றைக்கும் உங்கள் பழைய ஷூ இரண்டையும் நீலக் கவரில் கட்டி, வண்டியின் முன் கொக்கியில் மாட்டினேன். உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "தம்பி, புது ஷூ, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். நீங்க ஒண்ணும் தொட்டுராதிய. இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு நடை கொண்டாங்க, நான் சரி பண்ணித் தாரேன்." அவர் தலையாட்டினார்.

அந்தக் கவரைத் திறந்து பாருங்கள். அப்புறம் என்னைத் திட்டுங்கள். நட்டு வெளியே தொங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் யாரோ திருகியிருக்கிறார்கள், நான் இல்லை.

ஆப்பிள் வாங்கி வந்தது அவர் கால் ஒடிந்ததற்காக. அதில் வேறு ஒன்றும் கிடையாது. நாங்குநேரியிலிருந்து பஸ் ஏறி இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. என்னை யாரும் திருடன் என்று சொன்னதில்லை. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

இப்படிக்கு,
வனமாமலை


வடக்குப்பட்டு
20.10.2024

வனமாமலைக்கு,

கவராம், கவர். என் வீட்டுக்கு எந்தக் கவரும் வரவில்லை. டில்லிபாபுவிடம் கேட்டேன். "எந்தக் கவரு? அதெல்லாம் ஒண்ணும் தர்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலியில் கிடக்கிற மனுஷனை உங்கள் பொய்க்காகத் தொந்தரவு செய்ய வைத்துவிட்டீர்கள், அதற்கும் சேர்த்து அனுபவிப்பீர்கள்.

சரி, ஆதாரத்தை இப்போது சொல்கிறேன். குரூப்பில்கூட இதைப் போடவில்லை. போட்டால் மற்ற மெக்கானிக்குகளும் உஷாராகிவிடுவார்கள். நாலு வருடம் முன்பு ஸ்ரீபெரும்புதூரில் ஒருத்தன், செயின் மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லி என் பழைய வண்டியைக் கெடுத்தான். அன்றிலிருந்து நான் ஒரு வேலை செய்கிறேன். என் வண்டியில் எந்தப் பாகம் கழன்று என் கண் முன்னால் வந்தாலும் அதில் என் பெயின்ட் மார்க்கரால் ஒரு மஞ்சள் புள்ளி வைத்துவிடுவேன். லைனில் பார்த்து முடித்த கீலுக்கு நான் வைக்கிற அதே புள்ளி. போன மார்ச்சில் பின் டயர் பங்க்சர் ஆகிச் சக்கரத்தைக் கழற்றினார்கள். அப்போது இரண்டு பிரேக் ஷூவின் மேல் முனையிலும் புள்ளி வைத்தேன்.

இப்போது சக்கரத்தைக் கழற்றினால் அதே இடத்தில், இரண்டு ஷூவிலும், மஞ்சள் புள்ளி! புது ஷூ கடையில் வாங்கும்போதே என் புள்ளியோடு வருமா? சொல்லுங்கள்.

இதோடு நான் விடவில்லை. எங்கள் கம்பெனி டூவீலர் பார்க்கிங் சுவரில் உங்கள் கடை போர்டு மாட்டியிருந்ததே, செக்யூரிட்டி ஆபீசில் எழுதிக் கொடுத்து நேற்று இறக்க வைத்துவிட்டேன். இறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். மனசு நிறைந்தது. பதினோரு ரூட் பஸ், பதினோரு குரூப். வாலாஜாபாத்திலிருந்து வருகிற பஸ்ஸில்கூட உங்கள் பெயர் தெரியும் இப்போது. டில்லிபாபு வாக்கர் பிடித்து பாத்ரூம் போகிற ஒவ்வொரு தடவையும் நான் ஒரு குரூப்பில் எழுதுகிறேன்.

சசிரேகா


ஒரகடம்
24.10.2024

அம்மா,

அந்தப் புள்ளியை வைத்தது நான்தான்.

சிரிப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேளுங்கள். வேலை பழகிய நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எதையாவது கழற்றும்போது அதில் மார்க் இருந்தால், முன்பு வேலை பார்த்தவன் ஏதோ காரணத்துக்காக வைத்திருக்கிறான் என்று அர்த்தம். எது வலது, எது இடது, எது மேலே என்று அடுத்தவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். எனக்குக் காரணம் தெரியாவிட்டாலும் அதை அழிக்க மாட்டேன். புதுப் பாகம் போடும்போது அதே இடத்தில், அதே நிறத்தில் மார்க் வைத்துத்தான் மாட்டுவேன். என் பெட்டியில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு மூன்று மார்க்கர் எப்போதும் இருக்கும். உங்கள் கம்பெனி வாசலில் இருக்கிற ஹார்டுவேர் கடையில்தான் வாங்குகிறேன். உங்கள் ஷூவில் மஞ்சள் புள்ளி பார்த்தேன். புது ஷூவிலும் வைத்தேன். நீங்கள் எனக்குப் பொறி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

இதை எழுதும்போதே தெரிகிறது, நீங்கள் நம்பப் போவதில்லை. நல்லது. கெஞ்சியது போதும். என் போர்டை இறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தீர்கள் இல்லையா, நானும் ஒரு போர்டு மாட்டியிருக்கிறேன். என் ஷட்டரில் சிவப்புப் பெயின்டில் "4471 நம்பர் ஸ்கூட்டருக்கு இங்கே வேலை செய்யப்படாது" என்று எழுதிவிட்டேன். மெக்கானிக் சங்கக் குரூப் ஒன்று எங்களுக்கும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரை நூற்றுப் பத்துப் பேர், பங்க்சர் கடைக்காரர்களும் அதில் உண்டு. எல்லாருக்கும் உங்கள் நம்பர் போயாகிவிட்டது. வண்டி நின்றால் தள்ளித்தான் போக வேண்டும்.

வனமாமலை


வடக்குப்பட்டு
9.11.2024

வனமாமலைக்கு,

தள்ளினேன். போன செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வரும்போது வல்லத்தில் பின் டயர் இறங்கிவிட்டது. முதல் கடைக்காரன் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, "பம்பு ரிப்பேரு, அக்கா" என்றான். பம்பு அவன் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது கடைக்காரன் பொய் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. "இந்த வண்டி வோணாம்மா, பிரச்சனை" என்று சொல்லிவிட்டான். அப்புறம் மழை. மூன்று கிலோமீட்டர் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். எங்கள் கம்பெனி பஸ்ஸே என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலில் இருந்து எத்தனை பேர் பார்த்தார்கள் தெரியுமா? அன்றைக்கு அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

புள்ளியை நீங்களே வைத்தீர்கள் என்கிற கதையை எங்கள் லைனில் படித்துக் காட்டினேன். டீ பிரேக் முழுக்கச் சிரித்தார்கள். மாட்டிக்கொண்ட திருடன் இன்னும் கொஞ்சம் நல்ல கதையாக யோசித்திருக்கலாம்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். உங்கள் கடைக் கட்டட ஓனரின் மருமகள் சுபஸ்ரீ எங்கள் லைனில்தான் இருக்கிறாள். டில்லிபாபுவின் எக்ஸ்ரேயை அவளிடம் கொடுத்து வீட்டில் காட்டச் சொன்னேன். ஏற்கெனவே ஒரு பிரியாணி கடைக்காரர் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். இப்போது ஓனர் முடிவு எடுத்துவிட்டார். டிசம்பர் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி உங்களுக்குச் சொல்லியிருப்பாரே? சொல்லவில்லை என்றால் என் மூலமாகத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஷட்டரில் என் நம்பர் இருக்கலாம். ஆனால் ஷட்டர் உங்களுடையதாக இருக்காது.

நாங்குநேரி பஸ் கிளாம்பாக்கத்தில் இருந்து கிளம்புகிறது.

சசிரேகா


ஒரகடம்
16.11.2024

அம்மா,

ஓனர் சொன்னார். "ஜனவரி ஒண்ணாந்தேதி சாவி என் கையில இருக்கணும். இல்ல, பழையபடி வண்டிங்க வந்து நிக்கட்டும், அப்ப பாக்கலாம்" என்றார். எங்கிருந்து வரும்?

ஒன்றே ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். உங்கள் பழைய ஷூவில் இருந்த புள்ளி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது வெறும் புள்ளி இல்லை. அதற்கு இடது பக்கம் சின்னதாக ஒரு வால் இருந்தது. கையை எடுக்கும்போது இழுத்த மாதிரி. நான் வைத்த புள்ளிக்கு வால் இருக்காது. வால் எல்லாம் வைத்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

நீங்கள் எடுத்த போட்டோ உங்களிடமே இருக்கிறது. ஒரு கீலைப் பார்க்கிற மாதிரி அதைப் பாருங்கள்.

வனமாமலை


வடக்குப்பட்டு
2.12.2024

அண்ணா,

இந்த வார்த்தையை எழுத எனக்கு அருகதை இல்லை. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தபாலில் போட்டால் நாளாகும் என்று கங்கா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் போட்டோவைப் பார்க்கவில்லை. பயம்தான். புயல் மழைக்குக் கம்பெனி லீவு விட்ட அன்று பகலில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் இல்லை. இரண்டு புள்ளியிலும் இல்லை. எங்கள் லைனில் எட்டுப் பேர் புள்ளி வைக்கிறோம். எட்டும் எட்டு விதமாக இருக்கும். ஒரு கீல் திரும்பி வந்தால் புள்ளியைப் பார்த்தே யார் பாஸ் செய்தது என்று சொல்லிவிடுவோம். என் புள்ளிக்கு இடது பக்கம் வால் வரும். ஒன்பது வருடமாக வருகிறது. "சசியோட வாலு" என்று கிண்டல் செய்வார்கள். அந்த வால் அங்கே இல்லை என்பதை நான் பார்க்கவில்லை. மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பங்க்சர் கடைக்காரர் அன்றைக்கே, "ஷூ கட்டை நல்லா கனமாத்தான்மா கீது, தேயவேயில்ல" என்றார். "நீ சும்மா இரு" என்று அவர் வாயை அடைத்தேன்.

டில்லிபாபுவின் முன்னால் போனை நீட்டினேன். "இது என் புள்ளி இல்ல. கவரு எங்க?" என்றேன். அவர் கை மட்டும் மேலே பரணைக் காட்டியது. பழைய ஹெல்மெட்டுக்குப் பின்னால் நீலக் கவர் இருந்தது. உள்ளே தேய்ந்துபோன இரண்டு ஷூ. இரண்டிலும் வாலோடு என் புள்ளி.

"புது பிரேக்கு புடிச்சிகினு வண்டி இழுக்கலன்னு நான்தான் நட்ட லூஸ் பண்ணேன்," என்றார். "ரெண்டு சுத்துதான்னு நெனச்சேன். எவ்ளோன்னு தெரீல."

"அவரு தொடாதன்னு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"அப்ப ஏன்யா வாய மூடிக்கினு இருந்த? ரெண்டு மாசமா ஒரு மனுசன நாறடிச்சிகினு கீறேன், பாத்துகினு இருந்தியே!"

"ஆஸ்பத்திரில கண்ணு தொறந்ததும் நீ இன்னா சொன்ன? அந்த மெக்கானிக்க விட மாட்டேன்ன. உன் கோவம் என்மேல வராம வேற ஒருத்தர் மேல போச்சேன்னு இருந்துச்சு. அப்புறம் சொல்ல முடியல."

கவரை வீட்டுக்கு வந்ததும் பரணில் போட்டிருக்கிறார். விபத்துக்குப் பிறகு நான் தேடுவேன் என்று ஹெல்மெட்டை முன்னால் இழுத்து மறைக்கச் சொல்லி என் பையனிடமே சொல்லியிருக்கிறார். அந்த மனுஷனுக்கு வாக்கர் பிடித்துக் கொடுக்கிறேன், சோறு போடுகிறேன். பேச்சு இல்லை. பேசினால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

ஆனால் அவர் செய்தது அவரோடு. நான் செய்தது? நட்டை அவர் கழற்றினார். உங்கள் கடையைக் கழற்றியது நான். உங்களைக் கொலைகாரன் என்று எழுதியது இந்தக் கை. மன்னித்துவிடுங்கள் அண்ணா.

எழுதியதை எல்லாம் குரூப்களிலிருந்து அழித்துவிட்டேன். நெட்டில் உங்கள் கடைக்குப் போட்டிருந்த ஒரு ஸ்டார் ரேட்டிங்கையும் எடுத்துவிட்டேன். சுபஸ்ரீயை அவள் மாமனாரிடம் பேசச் சொன்னேன். வண்டி வந்தால் பார்க்கலாம் என்று அதையேதான் சொல்கிறாராம்.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். ஜனவரியில் லைன் லீடர் இன்டர்வியூ இருக்கிறது. என் புள்ளியை நானே அடையாளம் காணவில்லை என்று தெரிந்தால் என்னை எந்த லைனிலும் நிற்க விட மாட்டார்கள்.

சசிரேகா


ஒரகடம்
6.12.2024

அம்மா,

படித்தேன். மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கண்ணில் தண்ணி வந்தது. இரண்டாவது தடவை கோபம் வந்தது. மூன்றாவது தடவை எழுந்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

அழித்துவிட்டேன் என்கிறீர்கள். அழித்தால் போதுமா? நீங்கள் எழுதியதைப் பதினோரு பஸ்ஸிலும் படித்தார்கள். அது அவர்கள் போனில்தான் அழிந்திருக்கிறது, மண்டையில் அழியவில்லை. என்னைத் திருடன் என்று ஊர் முழுக்கச் சொல்வீர்கள், திருடன் இல்லை என்று எனக்கு மட்டும் காதோடு சொல்வீர்கள். நான் திருடன் இல்லை என்பது எனக்கு முதலிலேயே தெரியும் அம்மா. அதை எனக்கு எதற்கு எழுதினீர்கள்?

உங்கள் கடிதத்தைப் பெரிதாக்கி, லேமினேஷன் போட்டு, என் ஷட்டரில் ஒட்டிவிட்டேன். உங்கள் வண்டி நம்பருக்குப் பக்கத்திலேயே. உங்கள் கம்பெனி பஸ் நிற்கிற இடத்திலிருந்து பத்து அடி. உங்கள் வீட்டுக்காரர் பெயரும் அவர் செய்ததும் வருகிற இடத்தை மட்டும் கறுப்பு டேப் போட்டு மறைத்திருக்கிறேன். அவருக்குக் காலில் கம்பி இருக்கிறது, அது போதும். உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது. இன்டர்வியூவைப் பற்றி எழுதியதையும் மறைக்கவில்லை.

என் போர்டை இறக்கும்போது உங்களுக்கு மனசு நிறைந்தது என்று எழுதினீர்கள். எனக்கு இன்றைக்கு நிறைந்தது.

வனமாமலை


வடக்குப்பட்டு
17.12.2024

அண்ணா,

கிழிக்கத்தான் வந்தேன். நேற்று காலை ஆறே கால் மணிக்கு, நீங்கள் கடை திறக்கும் முன்னால். கையில் பிளேடு இருந்தது. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். கெஞ்சிக் கேட்டதையே எடுத்து ஒட்டியிருக்கிறீர்களே என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஷட்டருக்கு முன்னால் எங்கள் கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்ததால் என்னை அடையாளம் தெரியவில்லை. ஒருத்தி சொன்னாள்: "கடக்காரரே எழுதி ஒட்டிகினு கீறாரு. சசிக்கா எங்க மன்னிப்பு கேக்கப் போவுது?" இன்னொருத்தி, "ஆமா, பொழப்பு போச்சுன்னு இன்னா வேணா பண்ணுவாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிளேடே வேண்டியதில்லை. நான் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போனால் போதும். அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியதாகவே இந்த ஊர் சொல்லும். திருடன் என்கிற பெயரோடு பொய்க் கையெழுத்துப் போட்டவன் என்கிற பெயரும் சேரும். ஜனவரியில் நீங்கள் பஸ் ஏறுவீர்கள், நான் இன்டர்வியூவுக்குப் போவேன். இத்தனை நாள் எழுதி எழுதி நான் கேட்டது இதைத்தானே? கையில் வந்து விழுந்துவிட்டது.

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் நின்றேன்.

அப்புறம் துப்பட்டாவை இறக்கினேன். சிரிப்பு நின்றது. பையிலிருந்து மார்க்கரை எடுத்து, லேமினேஷன் மேல் என் கையெழுத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் புள்ளி வைத்தேன். ஒருத்தி கிட்டே வந்து அதைப் போனில் படம் எடுத்தாள். எங்கள் லைனில் அந்தப் புள்ளி யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். பஸ் வந்தது. நானும் அவர்களோடு ஏறினேன். ஒருத்தியும் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. இன்றைக்குக் குரூப்களில் அந்த ஷட்டர் போட்டோதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். புள்ளியை மட்டும் பாருங்கள். வால் இருக்கிறது.

சசிரேகா


ஒரகடம்
30.12.2024

அம்மா,

பார்த்தேன். வால் இருக்கிறது.

போன வாரம் பதினான்கு வண்டி வந்தது. அதில் இரண்டு உங்கள் லைன் பெண்களுடையது. ஓனர் நேற்று வந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஷட்டரில் இருப்பதை முழுக்கப் படித்தார். அப்புறம் உள்ளே வரிசையாக நிற்கிற வண்டிகளைப் பார்த்தார். "பிரியாணி கடைக்காரன வேற எடம் பாக்கச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் பெயர் லைன் லீடர் லிஸ்டில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்று கங்கா அக்கா சொன்னார். அதைக் கேட்டு எனக்கு வருத்தம் வந்தது என்று சொன்னால் பொய். சந்தோஷம் வந்தது என்று சொன்னாலும் பொய்.

சங்கக் குரூப்பில் எழுதிவிட்டேன், 4471-ஐ இனி யாரும் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று. எந்தக் கடையிலும் நீங்கள் வேலைக்கு விடலாம். என் கடையில் மட்டும் இல்லை. ஷட்டரில் இருக்கிற உங்கள் வண்டி நம்பரை நான் அழிக்கப் போவதில்லை. இதைப் பாவம் என்று யார் சொன்னாலும் சரி. கொலைகாரன் என்கிற வார்த்தை எனக்கு இன்னும் காலையில் எழுந்ததும் ஞாபகம் வருகிறது.

உங்கள் கடிதத்தையும் நான் எடுக்க மாட்டேன். ஆனால் போன வாரத்து மழையில் லேமினேஷன் ஒரு ஓரம் பிரிந்து காற்றில் படபடக்கிறது. அதைத் திரும்ப ஒட்டவும் மாட்டேன்.

வனமாமலை